வகுப்பில் யாருக்கு யார் தோழர்? கணினி உதவியோடு தெரிந்துகொள்ளப் புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு என்பது கிட்டத்தட்டப் புது வகுப்பு. எட்டு வரை அவரவர் ஊர் நடுநிலைப் பள்ளியில் படித்த பிள்ளைகள், நாலைந்து ஊர்களிலிருந்து வந்து ஒரே அறையில் உட்காருகிறார்கள். யார் எந்த ஊர், யார் கணக்கில் எப்படி என்பதெல்லாம் ஜூலைக்குள் வகுப்பாசிரியருக்குத் தெரிந்துவிடும். யார் யாரோடு ஒட்டுகிறார்கள், யாரை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்பது மட்டும் தெரியாது. தெரிந்தது போல இருக்கும், அவ்வளவுதான். கடைசி பெஞ்சில் சத்தம் போடும் நாலு பேரை எல்லா ஆசிரியருக்கும் தெரியும். வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டு அப்புறம் மாலை மணி வரை ஒரு வார்த்தை பேசாத பிள்ளை யார் கண்ணிலும் படாது.

இதைக் கண்டுபிடிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. பி.எட். படித்தவர்கள் சமூகமிதி என்ற பெயரில் ரெக்கார்டு நோட்டில் வரைந்திருப்பார்கள். ஜேக்கப் மொரினோ என்ற மனநல மருத்துவர் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில் இருந்த பெண்கள் பயிற்சிப் பள்ளியில் இதைச் செய்தார். யாரோடு தங்க விரும்புகிறாய், யாரோடு உட்கார்ந்து சாப்பிட விரும்புகிறாய் என்று ஒவ்வொரு பெண்ணையும் கேட்டு, பதில்களை வட்டமும் அம்புமாக வரைந்து, அதை வைத்து அவர்கள் தங்கும் இடத்தையே மாற்றியமைத்தார். 1934இல் அது புத்தகமாகவும் வந்தது. நாம் கல்லூரியில் வரைந்தது அந்தப் படத்தைத்தான். வேலைக்கு வந்த பிறகு யாரும் வரைவதில்லை. காரணம் எளிது: 40 பிள்ளைகள், ஆளுக்கு மூன்று பெயர் என்றால் 120 அம்புகள். கையால் வரைந்தால் சிலந்திக்கே வழி தெரியாது.

இப்போது அந்த 120 அம்பையும் கணினி சில நொடியில் வரைந்துவிடும். தேவையானவை மூன்றுதான்: கேட்பதற்கு ஒரு கூகுள் ஃபார்ம் அல்லது தாள், எண்ணுவதற்கு ஒரு ஷீட், வரைவதற்கு கெஃபி என்ற இலவச மென்பொருள். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கணினியின் பங்கு சின்னது. என்ன கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம், படத்தை எந்த ஊர் அறிவோடு படிக்கிறோம் என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. அதனால் மென்பொருளுக்கு அவசரப்படாமல் வரிசையாகப் போவோம்.

எதற்காகக் கேட்கிறீர்கள்?

இதற்குப் பதில் இல்லாமல் ஃபார்மைத் திறக்காதீர்கள். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு" என்பது காரணம் ஆகாது. பத்தாம் வகுப்பு மாலை நேரப் படிப்புக் குழு பிரிக்க, இருக்கையை மாற்றியமைக்க, புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழைய பிள்ளைகளோடு கலக்க, இப்படி ஏதாவது ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் பெயர் கேட்டு வாங்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால், அடுத்த முறை அவர்கள் உண்மையை எழுத மாட்டார்கள். மொரினோவும் இதை வலியுறுத்தினார்: தேர்வு செய்யச் சொன்னால், அந்தத் தேர்வுக்கு ஒரு விளைவு இருக்க வேண்டும்.

நேரம் பற்றி: ஜூனில் வேண்டாம், பெயரே தெரிந்திருக்காது. ஒன்பதாம் வகுப்புக்கு ஆகஸ்ட் சரியாக வரும். காலாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் கொடுத்த வாரத்தில் கேட்டால் எல்லோரும் முதல் மதிப்பெண் எடுத்தவர் பெயரையே எழுதுவார்கள். அந்த வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

அனுமதி

தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். பெற்றோரிடமும் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதே அதன் பொது விதி. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. இருந்தாலும் விலக்கைத் தேடிப் போவதைவிட ஒரு கையெழுத்து வாங்குவது சுலபம்.

நடைமுறையில் இங்கேதான் இடிக்கும். பென்னாகரம், அரூர் பக்கத்தில் அப்பா அம்மா இருவரும் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள், பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கும். பாட்டியின் கைரேகை மட்டும் போதாது. பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பி, எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லி, பதிலைச் சேமித்து வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை பொதுவாகச் சொல்லிவிட்டால் ஊருக்குள் தேவையில்லாத பேச்சு வராது. வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரை வற்புறுத்தக் கூடாது. பிள்ளையே வேண்டாம் என்றாலும் அப்படித்தான்.

கேள்விகள்

மூன்று கேள்வி போதும். நான் பரிந்துரைப்பவை இவை:

"படிக்கும்போது யார் பக்கத்தில் உட்கார விரும்புகிறாய்?"
"மதியம் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறாய்?"
"மனசு சரியில்லாதபோது வகுப்பில் யாரிடம் சொல்வாய்?"

மூன்றும் மூன்று வெவ்வேறு உறவைக் காட்டும். முதல் கேள்வி விருப்பம், இரண்டாவது அன்றாடம் நடப்பது, மூன்றாவது நம்பிக்கை. முதல் கேள்வியில் பத்துப் பேர் எழுதிய மாணவனை மூன்றாவது கேள்வியில் ஒருவரும் எழுதாமல் இருக்கலாம். கணக்கு சொல்லித்தருவான், ஆனால் ரகசியம் தங்காது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்! அதனால் மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக ஆக்கிவிடாதீர்கள்.

"வகுப்பில் யார் கெத்து?" என்ற மாதிரிக் கேள்வி தனி ரகம். கெத்தானவரும் எல்லோருக்கும் பிடித்தவரும் ஒரே ஆள் என்று இல்லை. ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் வேறு வேறாகவே அளக்கிறார்கள். புதியவர்களுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை.

இனி முக்கியமான விஷயம். "யாரைப் பிடிக்காது?" என்று கேட்காதீர்கள். புத்தகங்களில் அந்தக் கேள்வியும் இருக்கும். 1982இல் கோயி, டாட்ஜ், கோப்பொடெல்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் பிடித்தவர் எண்ணிக்கை, பிடிக்காதவர் எண்ணிக்கை இரண்டையும் சேர்த்துப் பிள்ளைகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: எல்லோரும் விரும்புபவர், ஒதுக்கப்பட்டவர், கவனிக்கப்படாதவர், பாதிப்பேர் விரும்பிப் பாதிப்பேர் வெறுப்பவர், சராசரி. உலகம் முழுக்க இன்றும் பயன்படும் பகுப்பு அது. ஒதுக்கப்பட்டவருக்கும் கவனிக்கப்படாதவருக்கும் உள்ள வேறுபாட்டை அதில்லாமல் எண்ணிக்கையில் பிடிக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் அதைச் செய்தவர்களிடம் பயிற்சி பெற்ற குழு இருந்தது. உங்களிடம் இருப்பது ஒரு பாடவேளை. பிடிக்காதவர் பெயரை எழுதிய பதினான்கு வயதுப் பிள்ளை, பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் அதை இரண்டு பேரிடம் சொல்லிவிடும். ஒதுக்கப்பட்டவரா, கவனிக்கப்படாதவரா என்பதை விளையாட்டுப் பாடவேளையில் மரத்தடியில் நின்று பார்த்தாலே பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஆளுக்கு எத்தனை பெயர்? "மூன்று வரை" என்று எழுதுங்கள், "மூன்று" என்று எழுதாதீர்கள். கட்டாயம் மூன்று என்றால் ஒரே ஒரு தோழி இருக்கும் பெண் மற்ற இரண்டு இடத்தையும் இட்டு நிரப்புவாள். உங்கள் படத்தில் இல்லாத நட்பு இரண்டு முளைக்கும். "யாரும் இல்லை" என்ற தெரிவும், "வேறு பிரிவில் அல்லது வேறு வகுப்பில் இருக்கிறார்" என்ற தெரிவும் கட்டாயம் வேண்டும். ஒன்பது 'அ'வில் தனியாக இருப்பவனுக்கு ஒன்பது 'ஆ'வில் உயிர்த்தோழன் இருக்கலாம்.

ஃபார்ம் தயாரிப்பது

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் கொடுங்கள். வருகைப் பதிவேட்டு எண்ணை அப்படியே கொடுக்காமல் புதிதாகக் கலைத்துக் கொடுங்கள். எமிஸ் எண், ஆதார், சாதி, பெற்றோர் தொழில் எதுவும் ஃபார்மில் வரக் கூடாது. பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் ஒரு தாளில், உங்கள் பீரோவில். கணினியில் ஏறுவது எண் மட்டும்.

ஃபார்மில் முதல் கேள்வி "உன் எண்". அடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கீழிறங்கு பட்டியல். பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னால் ஒரே பிரியாவை ஆறு விதமாக எழுதுவார்கள். தவிர, ஒரு வகுப்பில் பிரியா ஒருத்தி மட்டுமா இருக்கிறாள்? பெயரும் எண்ணும் உள்ள தாளைப் பிள்ளைகளுக்கு அன்று மட்டும் கொடுத்து, அதைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் தாள்களைத் திரும்ப எண்ணி வாங்குங்கள்.

அமைப்புகளில் நாலு விஷயம் பாருங்கள். மின்னஞ்சல் சேகரிப்பு அணைந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டையும் அணைத்துவிடுங்கள். அதற்கு ஒவ்வொருவரும் கூகுள் கணக்கில் நுழைய வேண்டியிருக்கும். முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று இருமுறை பாருங்கள், இல்லாவிட்டால் அனுப்பியவுடன் வகுப்பு முழுவதின் பதிலும் திரையில் வந்து நிற்கும். பதிலைத் திருத்தும் வசதியும் வேண்டாம். ஹைடெக் லேபில் ஒரு கணினியில் ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும்போது, முந்தையவரின் பதிலை ஒரே கிளிக்கில் திறந்துவிடலாம்.

லேபில் திரைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒரு கணினி விட்டு ஒரு கணினியில் உட்கார வைத்து, வகுப்பை இரண்டு மூன்று தவணையாகப் பிரியுங்கள். லேப் கிடைக்கவில்லை, சித்தேரி மலையிலோ அஞ்செட்டி பக்கத்திலோ நெட் நிற்கவில்லை என்றால் தாளே போதும். அரைமணி நேரத்தில் நீங்களே தட்டி ஏற்றிவிடலாம். தாள்தான் பல இடங்களில் நல்லது என்பது என் எண்ணம். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொள்ளலாம், திரையை மறைக்க முடியாது. ஆண்ட்ராய்டு டேப்லெட் இருந்தால் கோபோகலெக்ட் என்ற இலவச செயலி இணையம் இல்லாமலும் பதிலைச் சேமித்துக்கொள்ளும்.

தொடங்கும் முன் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைப் புத்தகத் தமிழில் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "இது பரீட்சை இல்ல. யார் நல்லவங்க யார் கெட்டவங்கன்னு கேட்கல. உங்களை எப்படி உட்கார வைக்கிறது, எப்படிக் குரூப் பிரிக்கிறதுன்னு முடிவு பண்ணத்தான். நீங்க எழுதறத நான் மட்டும்தான் பார்ப்பேன். எழுத இஷ்டமில்லன்னா 'யாரும் இல்லை'ன்னு போட்டுடுங்க, தப்பில்ல." கண்டிப்பாக ஒருவன் எழுந்து, "சார், நான் எழுதினத அவன் பாப்பானா?" என்று கேட்பான். பார்க்க மாட்டான் என்று சொல்லிவிட்டு, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து இருக்கையை மாற்றும்போது "நீ அவன் பேரைத்தானே எழுதின" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

வராதவர்கள்

இதற்குத் தனித் தலைப்பே கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் ஃபார்ம் கொடுத்த அன்று வராதவரை மற்றவர்கள் எழுத முடியும், அவரால் யாரையும் எழுத முடியாது. நம் பக்கத்தில் விடுப்பு எடுப்பவர்கள் ஏதோ குலுக்கிப் போட்டதுபோல வருவதில்லை. சந்தை நாள், தக்காளி பறிப்பு, பட்டுப்புழுவுக்கு இலை போடும் வாரம் என்று ஒரே வகை வீட்டுப் பிள்ளைகள்தான் அடிக்கடி விடுபடுவார்கள். தனிமையில் இருக்க வாய்ப்புள்ளவர்களும் அவர்களே. அதனால் ஒரு வாரம் திறந்து வைத்து, வர வர வாங்குங்கள். ஐந்தில் நாலு பேருக்குக் குறைவாக எழுதியிருக்கும் வகுப்பின் படத்தை வைத்து நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன்.

ஷீட்டில் எண்ணுவது

ஃபார்ம் கொடுக்கும் ஷீட்டில் ஒரு மாணவருக்கு ஒரு வரிசை இருக்கும், பக்கத்தில் கேள்விக்கு மூன்று தேர்வுகள். இதை இரண்டே பத்தியாக மாற்ற வேண்டும்: எழுதியவர், எழுதப்பட்டவர். மூன்று தேர்வுப் பத்திகளையும் நகலெடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, பக்கத்தில் எழுதியவர் எண்ணையும் மூன்று முறை ஒட்டினால் முடிந்தது. "யாரும் இல்லை", "வேறு பிரிவு" என்ற வரிசைகளைத் தனியே எடுத்து வையுங்கள். மூன்று கேள்விக்கும் மூன்று தனி ஷீட். இணையம் வேண்டாம் என்பவர்கள் லிபர்ஆபீஸ் கால்க்கில் இதையே செய்யலாம்.

ஒரு கற்பனை உதாரணம். ஆறு பேர், ஆளுக்கு இரண்டு தேர்வு என்று வைத்துக்கொள்வோம்.

1 எழுதியது: 2, 3
2 எழுதியது: 1, 3
3 எழுதியது: 2, 4
4 எழுதியது: 3, 5
5 எழுதியது: 4, 3
6 எழுதியது: 3, 1

ஒவ்வொருவரையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை 'கவுன்ட்இஃப்' சூத்திரம் சொல்லிவிடும்: 3க்கு ஐந்து, 1க்கும் 2க்கும் 4க்கும் இரண்டிரண்டு, 5க்கு ஒன்று, 6க்குப் பூஜ்யம். அடுத்து, இருவரும் ஒருவரையொருவர் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 'கவுன்ட்இஃப்ஸ்' சூத்திரத்தில் எழுதியவரையும் எழுதப்பட்டவரையும் இடம் மாற்றிக் கொடுத்தால், அப்படித் தலைகீழான வரிசை ஒன்று இருந்தால் 1 என்று காட்டும். இங்கே 1-2, 2-3, 3-4, 4-5 என்று நாலு ஜோடி. 12 அம்பில் 8 திரும்பி வந்திருக்கிறது.

இப்போது 6ஐப் பாருங்கள். இரண்டு பேரை எழுதியிருக்கிறான், ஒருவரும் அவனை எழுதவில்லை. 3ஐப் பாருங்கள். 1, 2 ஒரு பக்கம், 4, 5 ஒரு பக்கம். 3 ஒருவன் பள்ளிக்கு வராவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் தொடர்பே இல்லை. இதுதான் படத்தில் தேட வேண்டியது. எவனுக்கு அதிக ஓட்டு என்பதைவிட, எந்த இடத்தில் தொடர்பு அறுகிறது என்பது ஆசிரியருக்குப் பயன்படும்.

மென்பொருள்கள் 'அடர்த்தி' என்ற ஓர் எண்ணையும் கொடுக்கும்: இருக்கக்கூடிய அம்புகளில் எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்பது அது. அதை விட்டுவிடுங்கள். 40 பேர் வகுப்பில் ஆளுக்கு மூன்று பெயர்தான் என்று நாமே வரம்பு போட்டுவிட்டதால், எல்லோரும் மூன்றையும் நிரப்பினாலும் 1560க்கு (40 பேரும் மற்ற 39 பேரையும் எழுதினால் வரும் அம்புகள்) 120, அதாவது 0.077க்கு மேல் அது போகாது. அதைப் பார்த்து வகுப்பில் ஒற்றுமை இல்லை என்று அறிக்கை எழுதுவது வீண்.

படம் வரைவது

கெஃபி இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். நாற்பது பேர் வகுப்புக்குப் பழைய லேப்டாப்பே போதும். இரண்டு கோப்பு தயார் செய்யுங்கள். முதல் கோப்பில் எல்லா மாணவர் எண்களும், தலைப்பில் ஆங்கிலத்தில் 'ஐடி'. இரண்டாவதில் அந்த இரண்டு பத்தி, தலைப்பில் ஆங்கிலத்தில் 'சோர்ஸ்', 'டார்கெட்'. இரண்டையும் சிஎஸ்வி கோப்பாகச் சேமியுங்கள்.

பலர் இரண்டாவது கோப்பை மட்டும் ஏற்றிவிட்டுப் படம் வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடுவார்கள். யாரையும் எழுதாமல், யாராலும் எழுதப்படாமல் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கோப்பில் ஒரு வரிசைகூட இருக்காது. கெஃபிக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது, படத்தில் புள்ளியே வராது. நாம் தேடி வந்ததே அந்தப் பிள்ளையைத்தான். ஆகவே முதல் கோப்பை 'நோட்ஸ் டேபிள்' (புள்ளிகளின் அட்டவணை) என்று ஏற்றி, அப்புறம் இரண்டாவதை 'எட்ஜஸ் டேபிள்' (அம்புகளின் அட்டவணை) என்று, அதே பணியிடத்தில் சேர்க்கும்படி ஏற்றுங்கள். வகை 'டைரக்டட்', அதாவது அம்புக்குத் திசை உண்டு. புள்ளிகளின் எண்ணிக்கை வகுப்பின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

லேஅவுட் பகுதியில் 'ஃபோர்ஸ்அட்லஸ் 2' தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். புள்ளிகள் விலகி, கூட்டம் கூட்டமாக நின்றதும் நிறுத்துங்கள். புள்ளிவிவரப் பகுதியில் 'ஆவரேஜ் டிகிரி' ஓட்டினால் ஒவ்வொருவருக்கும் 'இன்-டிகிரி', அதாவது எத்தனை பேர் அவரை எழுதினார்கள் என்ற எண், கிடைக்கும், அதை வைத்துப் புள்ளியின் அளவை மாற்றலாம். அவ்வளவுதான். நடுவில் இருப்பவன் தலைவன், ஓரத்தில் இருப்பவன் ஒதுக்கப்பட்டவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மறுபடி ஓட்டினால் இடம் மாறும். இடத்தை நம்பாமல் அம்பை நம்புங்கள்.

படத்தைப் படிப்பது

முதலில் கண்ணில் படுவது, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பதறாதீர்கள். இந்த வயதில் பெரும்பாலான ஊர்களில் அப்படித்தான். நம் ஊரில் பேசிக்கொண்டாலும் பெயரை எழுத மாட்டார்கள். இரண்டையும் தனித்தனிப் படமாகவே படியுங்கள்.

அடுத்து கூட்டங்கள். கையில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் காரணம் தேடுங்கள். முதல் சந்தேகம் பஸ். ஒரே டவுன் பஸ்ஸில் காலையும் மாலையும் தொங்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் எந்த ஆசிரியரும் உருவாக்க முடியாத அளவுக்கு நெருக்கமாகிவிடுவார்கள். விடுதிப் பிள்ளைகள் இன்னொரு கூட்டம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் வீட்டு மொழி: தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் இளைப்பாறிக்கொள்வது இயல்பு. எட்டாம் வகுப்பு வரை படித்த பழைய பள்ளியும் ஒரு காரணம், ஆனால் அது ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் மெல்லக் கரையும்.

கரையாதது சாதி. ஃபார்மில் நீங்கள் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனாலும் சில படங்களில் ஊருக்கும் ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஓர் அம்புகூட இருக்காது. ஒரே பஸ், ஒரே பழைய பள்ளி, ஆனால் அம்பு இல்லை என்றால் வேறு விளக்கம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றைக் கழற்றச் சொல்லிவிடலாம். மதிய உணவில் யார் யாரோடு தட்டை வைக்கிறார்கள் என்பதற்கு ஆணை போட முடியாது. இரண்டாவது கேள்வியின் படம் இங்கே முதல் கேள்வியைவிட வெளிப்படையாகப் பேசும். இப்படி ஒரு படம் வந்தால் அதை வகுப்பில் பேசுபொருளாக்காதீர்கள், ஆசிரியர் அறையிலும் வேண்டாம். தலைமையாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். மற்ற வேலை அடுத்த பகுதியில்.

கடைசியாகப் பூஜ்யங்கள். ஒருவரும் எழுதாத பிள்ளை என்றால் துயரத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூன்று படத்திலும் பூஜ்யமா, ஒன்றில் மட்டுமா? வேறு பிரிவில் தோழி உண்டு என்று எழுதியிருக்கிறதா? வேறொரு படத்தில் தன்னை எழுதிய ஒருவரைத் தானும் எழுதியிருந்தால், அந்த ஒரு ஜோடி போதும். பத்துப் பேர் எழுதியும் திரும்பி வராத பிள்ளையைவிட அது நல்ல நிலை. மூன்றிலும் பூஜ்யம், வேறு பிரிவிலும் தோழர் இல்லை, முன்பு கலகலப்பாக இருந்து இப்போது அமைதி என்று மூன்றும் சேர்ந்தால் அந்தப் பிள்ளையோடு பேச நேரம் ஒதுக்குங்கள். படத்தைப் பற்றிப் பேசாதீர்கள். வீடு, பஸ், சாப்பாடு பற்றிப் பேசுங்கள்.

அப்புறம் என்ன செய்வது?

நம் உதாரணத்தின் 6ஐ எடுத்துக்கொள்வோம். அவன் எழுதியது 3, 1. எல்லோருக்கும் அவனை 3 பக்கத்தில் உட்காரவைக்கத் தோன்றும். வேண்டாம். 3ஐ ஏற்கெனவே ஐந்து பேர் இழுக்கிறார்கள், அவனிடம் மிச்ச நேரம் இல்லை. 1 பக்கத்தில் உட்காரவையுங்கள். 6 எழுதியவர்களில் கூட்டம் குறைந்தவர் யாரோ அவரே சரியான இடம்.

குழு பிரிக்கும்போது நாலு பேர் குழுவில் ஏற்கெனவே ஒட்டிய ஒரு ஜோடி, வேறு கூட்டத்தைச் சேர்ந்த இருவர் என்று வையுங்கள். கூட்டத்தை ஒரேயடியாக உடைத்தால் பிள்ளைகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் இடைவேளையில் பழையபடி சேர்வார்கள். ஒன்றாகச் செய்தால்தான் முடியும் என்கிற வேலையைக் கொடுங்கள்: அறிவியல் கண்காட்சி மாதிரி, தோட்டம், கபடி அணி. "கலந்து பழகுங்கள்" என்ற அறிவுரையை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். சாதி சார்ந்த பிளவு இருக்கும் வகுப்பில் இதையே எல்லா வகுப்புக்கும் பொதுவான ஏற்பாடாகச் செய்யச் சொல்லித் தலைமையாசிரியரைக் கேளுங்கள். ஒரு வகுப்பில் மட்டும் செய்தால் ஊருக்குள் காரணம் கேட்பார்கள்.

போனுக்குள் இருக்கும் நட்பு

"இதெல்லாம் எதுக்கு சார், இன்ஸ்டாகிராம்ல யாரு யாருக்கு லைக் போடுறாங்கன்னு பார்த்தா தெரிஞ்சிடுமே" என்று ஓர் இளம் ஆசிரியர் கேட்கக்கூடும். பார்க்கக் கூடாது. வேறு பெயரில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நுழைவது, பிள்ளைகளின் கணக்கைப் பின்தொடர்ந்து பட்டியல் எடுப்பது இரண்டுமே வேவு. மேலே சொன்ன 2023 சட்டமும் பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கவே பார்க்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தகவலே கோணலானது. பல வீடுகளில் போன் ஒன்றுதான், அது இரவில் அம்மாவிடமிருந்து கைமாறும். அண்ணனுக்குக் கிடைக்கும், தங்கைக்குக் கிடைக்காது. போனை வைத்து வரைந்தால் பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் தனிமையில் இருப்பது போலத் தெரியும். வேண்டுமானால் "பள்ளி விட்ட பிறகு போனில் யாரோடு பேசுவாய்?" என்று நாலாவது கேள்வியாகக் கேளுங்கள், "போன் இல்லை" என்ற தெரிவோடு.

உடனே கவனிக்க வேண்டியவை

ஃபார்மின் கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று ஒரு கட்டம் வைத்தால், அதை அன்றைக்கே படித்தாக வேண்டும். சில பிள்ளைகள் அங்கேதான் எழுதுவார்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயம் அல்ல அது. திருமண ஏற்பாடு என்ற வாடை வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி திடீரென்று தோழிகளிடமிருந்து விலகுவதற்கு நம் இரண்டு மாவட்டத்திலும் இந்தக் காரணமும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இந்த எண்களைக் கரும்பலகை ஓரத்தில் ஆண்டு முழுக்க எழுதி வைத்தாலும் தப்பில்லை.

இரண்டாம் முறை, அப்புறம் அழிப்பது

பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி கடைசியில் அதே கேள்விகளை அதே வார்த்தையில் மறுபடி கேளுங்கள். கேள்வியை அழகுபடுத்தினால் ஒப்பிட முடியாது. பார்க்க வேண்டியது இரண்டே எண்: மூன்று படத்திலும் பூஜ்யமாக இருப்பவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்த ஜோடிகள் எத்தனை. முதல் எண் குறைந்து இரண்டாவது கூடியிருந்தால் இருக்கை மாற்றம் ஏதோ வேலை செய்திருக்கிறது. மாறாவிட்டால் குழுக்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் கூடுவதும் குறைவதும் வாராவாரம் நடப்பதுதான், அதை வெற்றி என்றோ தோல்வி என்றோ எழுத வேண்டாம்.

ஆண்டு முடிவில் பெயர்ப் பட்டியல் தாளைக் கிழித்துவிடுங்கள். ஃபார்ம், ஷீட் இரண்டையும் தனித்தனியாக அழிக்க வேண்டும். ஒன்றை அழித்தால் மற்றது போகாது. கூகுள் டிரைவில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதையும் காலி செய்யுங்கள். லேப் கணினியில் கெஃபி ஓட்டியிருந்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள், சிஎஸ்வி கோப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.